வழி தெரிந்த ஆள்

அம்மா கீழே விழுந்தது ஓர் ஐப்பசி மாத இரவு. கொல்லைப்பக்கம் பாசியில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 108 வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி பத்தரை இருக்கும். டாக்டர் உடனே பார்த்தார். வலிக்கு ஊசி போட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், வார்டில் கட்டிலும் கிடைத்தது. வைத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் விடிந்ததும் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டை எங்கே கொடுப்பது, காப்பீட்டுக்கு யாரைப் பார்ப்பது, சுடுதண்ணீர் எங்கே கிடைக்கும், நான் வெளியே போனால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது?

ஏழரை மணிக்கு ஓர் அக்கா வந்தார். கழுத்தில் அட்டை, தோளில் துணிப்பை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "தம்பி, ராத்திரி ஏதாச்சும் சாப்டியா?" அப்புறம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கெட், ஒரு மக், பழைய பெட்ஷீட் இரண்டு, பிளாஸ்க், ஆதாருக்கும் ரேஷன் கார்டுக்கும் ஐந்தைந்து ஜெராக்ஸ். "நீ போய் இதெல்லாம் எடுத்துட்டு வா. ஒரு மணி நேரம் நான் இங்கயே இருக்கேன். அம்மாவை அசைக்கணும்னா சிஸ்டரைக் கேட்டுட்டுத்தான் அசைப்போம்." அவர் அங்கே வேலை பார்ப்பவர் இல்லை. அங்கன்வாடியிலிருந்து ஓய்வு பெற்று, வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து போகிற தன்னார்வலர். அந்தப் பதினோரு நாளில் அவரைப் போன்ற நாலைந்து பேரை அருகிலிருந்து பார்த்தேன். மருத்துவமனைத் தன்னார்வலர் என்றால் பழமும் பிரெட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் என்று நினைத்திருந்த எனக்கு, அவர்கள் செய்வது எத்தனை நுட்பமான வேலை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மருத்துவமனைக்குள் நடக்கிற வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். மருந்து, ஊசி, அறுவை சிகிச்சை எல்லாம் டாக்டர், செவிலியர் பொறுப்பு. நோயாளியை அந்தச் சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை இன்னொன்று. சீட்டு போடுவது, வரிசையில் நிற்பது, ரத்த மாதிரியைக் கொடுப்பது, ரிசல்ட் வாங்குவது, ஸ்கேனுக்கு வீல்சேரில் தள்ளிப்போவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் இதில் அடக்கம். நம் ஊரில் இந்த இரண்டாவது வேலையில் பெரும்பங்கு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. "துணைக்கு யார் இருக்காங்க?" என்ற கேள்வியைக் கேட்காமல் எந்த வார்டிலும் சேர்க்கமாட்டார்கள். துணைக்கு ஆள் இருந்தால் சரி. பெரியவர் ஒருவர் தனியாக வந்தால்? வந்த துணைக்கே எழுதப் படிக்கத் தெரியாவிட்டால்? பிள்ளைகள் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருந்து, வந்துசேர இரண்டு நாள் ஆகுமென்றால்? தன்னார்வலரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தேவை கொஞ்சம் கூடுதல் என்றே சொல்வேன். 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. நெடுங்காலம் இங்கே பெரிய வைத்தியம் என்றால் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓடவேண்டும். 2008-இல் தருமபுரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் ஒன்று. இரண்டும் நமக்குப் பெரிய வரம். ஆனால் மருத்துவமனை பெரிதாக ஆக, உள்ளே நடக்கவேண்டிய தூரமும் கூடுகிறது. பழைய தாலுகா ஆஸ்பத்திரியில் டாக்டர் அறையும் மருந்து கொடுக்கிற ஜன்னலும் ஒரே தாழ்வாரத்தில் இருக்கும். இப்போது மாடிகள், பிளாக்குகள், எண் போட்ட அறைகள். அஞ்செட்டி மலையிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்களுக்கு அந்தப் பலகைகளைப் படித்துப் போய்ச் சேர்வதே ஒரு பாடு.

வருகிறவர்களின் உடம்பும் ஒரு காரணம். இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். பல்லில் காவிக்கறை படிவதை எல்லோரும் பார்த்திருப்போம். அதே நீரைப் பல ஆண்டு குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி, முதுகு வளைந்து, முழங்கால் மடங்காமல் போகும். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. இனி வளரும் பிள்ளைகளுக்கு அது காப்பு. ஏற்கெனவே இறுகிப்போன மூட்டு திரும்பாது. அந்தத் தலைமுறைப் பெரியவர்கள்தான் இன்று ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்க வருகிறார்கள். அவர்களை ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்க வைப்பது கொடுமை. ஒரு வீல்சேரைத் தேடிப்பிடித்து, வரிசையில் அவருக்குப் பதிலாகத் தான் நின்று, அவரை நிழலில் உட்கார வைக்கிற ஆளின் அருமை அந்த முழங்காலுக்குத் தெரியும்.

அடுத்தது மொழி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, பர்கூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. ஓசூர் தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் இந்தியும் ஒடியாவும் பேசுகிறார்கள். வெளிமாவட்டத்திலிருந்து பணிக்கு வந்திருக்கும் இளம் டாக்டருக்கு இத்தனை மொழியும் தெரிந்திருக்க நியாயமில்லை.

அம்மாவுக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒரு பாட்டி இருந்தார், கன்னடக்காரர். காலையில் அறுவை சிகிச்சை, இரவுக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாட்டியும் தலையாட்டினார், மருமகளும் தலையாட்டினார். காலையில் பார்த்தால் மருமகள் டம்ளரில் காப்பியோடு நிற்கிறார். சோறுதானே கூடாது, காப்பிக்கென்ன என்று அவர் நினைத்துவிட்டார். அக்கா ஓடிப்போய் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "ஏனூ தின்னபேடி, நீரூ குடியபேடி" என்று ஆரம்பித்து, ஏன் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் ஏதாவது இருந்தால் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும், உயிருக்கே ஆபத்து, அதனால்தான் வெறும் வயிறு. மருமகளின் முகத்தில் பயமும் தெளிவும் ஒருசேர வந்ததைப் பார்த்தேன். அந்த ஒரு டம்ளர் காப்பி உள்ளே போயிருந்தால் அன்றைய அறுவை சிகிச்சை தள்ளிப்போயிருக்கும். சொல்லாமல் மறைத்திருந்தால் இன்னும் மோசம்.

"எங்கே வலிக்குது" என்பதை அக்கா மூன்று மொழியிலும் கேட்பார். கன்னடக்காரரிடம் "எல்லி நோவு?", தெலுங்குக்காரரிடம் "எக்கட நொப்பி?", நம் பக்கத்துப் பெரியவர்களிடம் "எங்கம்மா நோவுது?" நோவு என்ற சொல் மூன்று வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதைத் தன் மொழியில் கேட்டதுமே முகம் மாறிவிடும். அதுவரை "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், எதைச் சாப்பிட்டால் என்று கொட்டத் தொடங்குவார்கள். டாக்டருக்கு வேண்டியதும் அதுதான்.

காகித வேலையும் சின்ன விஷயம் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம். அதற்கு வருமானச் சான்று வேண்டும், ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கவேண்டும். திருமணமாகிப் போன பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே கிடப்பது, ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருப்பது போன்ற சிக்கல்களுக்கு எந்த அலுவலகத்தில் எந்த மனு கொடுக்கவேண்டும் என்று தெரிந்த ஒருவர் இருந்தால் குடும்பம் கடன் வாங்காமல் தப்பிக்கும். ஒரு மரணம் நேர்ந்தாலும் அப்படித்தான். அரசின் கட்டணமில்லா அமரர் ஊர்தி 155377 என்ற எண்ணில் கிடைக்கிறது என்பது துக்கத்தில் நிற்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. வாசலில் தனியார் வண்டிக்காரரிடம் பேரம் பேசத் தொடங்குவதற்குள் அந்த எண்ணைச் சொல்கிற ஆள் வேண்டும்.

கண்ணில் படாத இன்னொரு கூட்டம், ரத்தம் கொடுப்பவர்கள். காசுக்கு ரத்தம் விற்பது ஒரு காலத்தில் சாதாரணம். 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி, 1998 ஜனவரி முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ரத்த வங்கி ஓடுவது மனசாட்சியின் பேரில்தான். வயது 18-க்கு மேல், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யார் எப்போது கொடுத்தார், யாருக்கு நாள் வந்துவிட்டது என்று நோட்டுப்போட்டு வைத்திருக்கும் இளைஞர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வேலையின் அருமை டெங்கு காலத்தில் தெரியும். டெங்குவில் குறைந்துபோகிற, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாளைக்கு மேல் வைத்திருக்க முடியாது. முகாம் போட்டுச் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. தேவைப்படுகிற அன்று ஆள் வந்து நிற்கவேண்டும். நள்ளிரவில் போன் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ஆட்டோக்காரரும் ஐ.டி.ஐ. மாணவரும்தான் அந்த நோட்டின் பக்கங்களில் இருக்கிறார்கள்.

மருத்துவமனை வாசலுக்கு முன்பே தொடங்கும் தொண்டும் உண்டு. பெங்களூர் சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கின்றன என்று இந்தப் பக்கத்தில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விபத்தானதும் முதலில் ஓடிவருவது பக்கத்து ஊர்க்காரர்களும் டீக்கடைக்காரர்களும். "கேஸ் ஆகிடும், சாட்சிக்கு இழுப்பாங்க" என்று பயந்து ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் இனித் தேவையில்லை. உதவி செய்தவரைத் தொல்லைப்படுத்தக்கூடாது என்ற விதிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் உயிர் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ பிரிவாகவே அது சேர்ந்தது. காயம்பட்டவரைச் சேர்த்துவிட்டுத் தன் பெயரைக்கூடச் சொல்லாமல் போக அவருக்கு உரிமை உண்டு. செலவைப் பற்றியும் தயங்கவேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இதையெல்லாம் சொல்லும்போது சிட்லிங்கியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரூருக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலான பள்ளத்தாக்கு. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி அங்கே போய் ஓலைக் குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அப்போது அங்கே பிறக்கிற ஆயிரம் குழந்தையில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. பின்னாளில் அது 20 அளவுக்கு இறங்கியது. இரண்டு டாக்டர்கள் ஒரு குடிசையில் உட்கார்ந்திருந்தால் மட்டும் இது நடந்திருக்காது. மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். ஊருக்கு ஓர் அனுபவமுள்ள பெண்மணியைத் தேர்ந்தெடுத்து, கர்ப்பிணியையும் பச்சைக் குழந்தையையும் வீடுதேடிப் பார்க்க வைத்தார்கள். வெளியாள் பத்து முறை சொல்லியும் ஏறாத சேதி, அந்த ஊர் அம்மா ஒருமுறை சொன்னால் ஏறும். எங்கள் வார்டில் அக்காவின் கன்னடம் செய்ததை, அங்கே ஒரு மலை முழுவதற்கும் செய்தார்கள்.

அரசும் அந்த வழியைப் பிடித்தது நம் மாவட்டத்திலிருந்துதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இந்தப் பெண்களுக்கு மாதந்தோறும் கிடைப்பது ஊக்கத்தொகை. தினமும் வெயிலில் நடந்து, கணக்கெழுதி, பதில் சொல்லவேண்டிய ஒருவரைத் தன்னார்வலர் என்று அழைப்பதால் அவர் வேலை வேலையில்லாமல் போய்விடாது. அவர்களைப் பாராட்ட நினைத்தால் அந்தத் தொகையைத் தேதி தவறாமல் கொடுப்பதும், கூட்டிக் கொடுப்பதும்தான் பாராட்டு. இது புதிய யோசனையும் இல்லை. காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் 15 படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவசாலை பேசப்படுகிறது. மருத்துவர், சல்லியம் (அறுவை வைத்தியம்) செய்பவர் மட்டுமில்லை, மூலிகையும் விறகும் கொண்டுவருபவர்கள், பணிவிடை செய்யும் பெண்கள், தண்ணீர் வார்ப்பவர் என்று ஒவ்வொருவரையும் எண்ணி, அவரவருக்கு நெல்லும் காசும் இவ்வளவு என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

முழுக்கத் தொண்டாக வருகிறவர்கள் வேறு. அவர்கள் கூலி கேட்பதில்லை. அவர்களை வைத்து ஆள் பற்றாக்குறையை மூடிவிடவும் கூடாது. ஸ்டிரெச்சர் தள்ள ஆளில்லையென்றால் நிரப்பவேண்டியது பணியிடத்தை. அக்கா தள்ளுகிறாரே என்று அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைத்தால், அவர் வராத நாளில் நோயாளி தாழ்வாரத்தில் கிடப்பார்.

எல்லை தெரிந்து நடப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதி. நல்ல தன்னார்வலர் குளுக்கோஸ் பாட்டிலைத் தொடமாட்டார், தீர்ந்துவிட்டால் சிஸ்டரைக் கூப்பிடுவார். ரிசல்ட்டைப் பார்த்து "இது பெரிய வியாதி" என்று சொல்லமாட்டார். செவிலியரைக் கேட்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார். ஒரு கட்டிலில் கேட்டதை அடுத்த கட்டிலில் சொல்லமாட்டார், நோயாளியைப் போட்டோ எடுக்கமாட்டார். கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒருநாள் பத்துப் பேர் கொண்ட குழு பழப்பையோடு வார்டுக்குள் வந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு படம். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்யவேண்டும். அந்த நேரத்தில் கொஞ்சத்தை மருத்துவமனைக்கு ஒதுக்கி, இரண்டு நாள் முறையாகப் பழக்கினால் வீல்சேர் தள்ளவும் வழிகாட்டவும் எத்தனை கை கிடைக்கும்!

பாராட்டு என்றதும் நமக்குத் தோன்றுவது மேடை, சால்வை, கேடயம். அதில் தப்பில்லை. நானும் அக்காவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு முதலில் வேண்டாம் என்றார். விடாமல் கேட்டதும் சொன்னார். அவரோடு வருகிற இன்னொரு பெண்ணுக்கு இன்னும் அடையாள அட்டை வரவில்லை, வாசலில் தினமும் காவலரிடம் விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை போடவேண்டும், அக்கா ஒன்று போட்டு ஆறு மாதமாயிற்று, மீதியை யார் போடுவார்கள் என்று தெரியவில்லை. கையுறை தன் காசில் வாங்குகிறார். பையை வைக்க இடமில்லை. "அப்புறம், ரொம்ப நாள் பாத்துக்கிட்ட ஒருத்தங்க போய்ட்டா, அன்னைக்கு வீட்டுக்குப் போனாலும் சோறு எறங்காது தம்பி. அதை யார்கிட்டயாவது சொல்லணும்போல இருக்கும். நாங்க நாலு பேரும் பஸ் ஸ்டாண்டுல நின்னு பேசிட்டுப் போவோம்."

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மருத்துவமனை அலுவலகத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். எந்த வார்டு, எந்தத் தேதிகள், அவர் என்னென்ன செய்தார் என்று காப்பி டம்ளர் உட்பட எழுதி, அடையாள அட்டையையும் தடுப்பூசியையும் தனியாகக் குறிப்பிட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. மறுபரிசோதனைக்குப் போன அன்று அம்மா வாக்கரை ஊன்றிக்கொண்டு வார்டு வரை நடந்தே தீருவேன் என்றார். அக்கா வேறொரு கட்டிலில் ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இருங்கம்மா, இன்னும் நாலு வாய்தான்" என்றார். அம்மா பக்கத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தாத்தா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.